ஒரே ஏரியை ஏழு துறைகள் சேர்ந்து படிப்பது எப்படி?

உச்ச நீதிமன்றம் 1991-இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாகத்தான் சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயப் பாடமானது. அதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு முதலில் வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகளில் 5 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பல இடங்களில் களப்பணி ஒரு நாள் சுற்றுலாவாகவும், சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய அறிக்கையாகவும் முடிந்துபோகிறது. அந்தக் களப்பணி வகுப்புகளை வைத்தே உருப்படியாக ஒன்றைத் தொடங்கலாம். கல்லூரிக்கு அருகில் ஓர் ஏரி இருந்தால் போதும்.

முதலில் வேண்டியது கேள்வி. ‘ஏரி மாசுபாடு’ என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. ‘மதகைத் திறந்தாலும் கடைமடைக்கு (கால்வாயின் கடைசியில் உள்ள வயல்களுக்கு) தண்ணீர் ஏன் வருவதில்லை?’ என்று கேட்டால் எந்தத் துறையும் ஒதுங்கி நிற்க முடியாது. கேள்வி இல்லாமல் இறங்கினால் ஏழு தனி அறிக்கைகள் கிடைக்கும். அவற்றை ஸ்டேப்லர் மட்டுமே இணைக்கும்.

துறைக்கு இருவராக 14 பேர் போதும். முதல் நாள் எல்லோரும் கரை மேல் சேர்ந்தே நடந்து வரத்துக்கால் (ஏரிக்கு நீர் வரும் வழி), மதகு (பாசனத்துக்கு நீர் திறக்கும் இடம்), கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்), கழிவுநீர் கலக்கும் இடம், பாசனக் கால்வாய் ஆகிய இடங்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். எந்தத் துறை எதைக் குறித்தாலும் இந்த எண்ணும் தேதியும் நேரமும் கூடவே இருக்க வேண்டும்.

நேரத்தில்தான் அதிகம் சறுக்குவார்கள். பாசி நிறைந்த ஏரியில் கரைந்த ஆக்சிஜன் விடியலில் மிகக் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் இருக்கும். பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் மட்டும். விலங்கியல் மாணவர் காலை 6 மணிக்கு மீனைப் பார்த்து, வேதியியல் மாணவர் பிற்பகல் 2 மணிக்குத் தண்ணீர் எடுத்தால் இரண்டும் பொருந்தாது. இரு வேளையும் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். ஆக்சிஜனை அளக்க 300 மி.லி. பாட்டிலை நீருக்குள்ளேயே அமிழ்த்திக் குமிழி இல்லாமல் மூடுங்கள். வாளியில் மொண்டு ஊற்றினால் காற்று கலந்து அளவு கூடிவிடும். மாங்கனீஸ் சல்ஃபேட்டும் கார அயோடைடு-அசைடு கரைசலும் அங்கேயே சேர்க்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை.

புவியியல் மாணவர் செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பை அளப்பார். ஆகாயத்தாமரை மூடிய நீர் அதில் செடியாகவே தெரியும். ஏரி சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அதே வாரத்தில் தாவரவியல் மாணவர் 1 மீட்டர் சதுரச் சட்டம் வைத்து எடுத்த கணக்குதான் அதைத் திருத்தும். ஆகாயத்தாமரைப் படலத்தின் மேல் யாரும் கால் வைக்க வேண்டாம், அடியில் ஆழம் தெரியாது.

கிராம நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும், விவசாயி ஏக்கரிலும் சென்ட்டிலும் சொல்வார். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதைப் பொருளியல் மாணவர் அட்டவணையின் தலையிலேயே எழுதிவைத்துக்கொள்ளட்டும். ஆயக்கட்டில், அதாவது ஏரி நீர் பாயும் நிலப்பகுதியில், தலைமடை (மதகை ஒட்டியது), இடைமடை, கடைமடை ஒவ்வொன்றிலும் 10 குடும்பங்களைப் பாருங்கள். தலைமடையோடு நிறுத்தினால் ‘தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை’ என்றுதான் பதில் வரும். போர்வெல் எப்போது போட்டார்கள் என்று அவசியம் கேளுங்கள். சொந்தக் கிணறு வந்த பிறகு கால்வாய் தூர்வார யார் வருகிறார்கள் என்பதில் பாதி விடை இருக்கக்கூடும்.

கேள்விகளைத் தமிழ்த்துறை மாணவர் ஒருமுறை பார்த்தபிறகே களத்துக்குக் கொண்டுபோங்கள். வட மாவட்டங்களில் ஏரி என்பது மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய், திருநெல்வேலியில் குளம். ‘நீர்நிலை மேலாண்மையில் தங்கள் பங்களிப்பு யாது?’ என்றால் பெரியவர் சிரிப்பார். ‘அப்போ மடை திறந்தது யாருங்கய்யா?’ என்றால் நீர்க்கட்டி (வயல்களுக்கு நீர் பங்கிட்டவர்) முதல் குடிமராமத்து (ஊரார் சேர்ந்து செய்த பராமரிப்பு) வரை அவரே சொல்வார். வரலாற்று மாணவர் அதைப் பழைய ஆவணத்தோடு ஒப்பிடட்டும். ஏரியைப் பார்க்கத் தனிக் குழு வைப்பது உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே ‘ஏரி வாரியம்’ என்று இருக்கிறது.

மழைக்குப் பின் ஜனவரியில் ஒருமுறை, மார்ச் கடைசியில் ஒருமுறை என்று இருமுறை போனால்தான் ஒப்பீடு நிற்கும். அறிக்கையைத் துறைவாரியாகப் பிரிக்காதீர்கள். 1 முதல் 5 வரை இடவாரியாக எழுதுங்கள். 4-ஆம் இடத்தில் கழிவுநீர், அங்கே நைட்ரேட், அங்கே ஆகாயத்தாமரை, அது மிதந்து வந்து அடைத்த 2-ஆம் இடத்து மதகு என்று எழுதும்போது இடையில் எந்த அளவீடு விடுபட்டது என்பதும் தெரிந்துவிடும். மார்ச் பயணத்தில் அதை எடுத்து வாருங்கள்.