மூக்கில் தெளிக்கும் ஃபுளூ தடுப்பு மருந்தைச் செலுத்தும் முறை

பேச்சுவழக்கில் இதையும் தடுப்பூசி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் இதில் ஊசிக்கு வேலையே இல்லை. மூக்கில் தெளிக்கப்படும் இந்த மருந்தில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ் அன்று, வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் மாசாப், 1960-இல் ஆன் ஆர்பர் நகரில் கிடைத்த ஓர் இன்ஃபுளூயன்சா வைரஸைப் படிப்படியாகக் குளிரில் வளர்த்து, 25 டிகிரி செல்சியஸிலும் நன்கு பெருகுமாறு பழக்கினார். அப்படிப் பழகிய வைரஸ், குளிர்ச்சியான மூக்குப் பாதையில் பெருகி எதிர்ப்பாற்றலைத் தூண்டும்; வெப்பம் மிகுந்த நுரையீரலில் பெருக முடியாமல் திணறும். கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை, அந்த வைரஸ் உயிரோடிருக்கிறது என்பதிலிருந்தே பிறக்கின்றன.

மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முதலில் கேட்டறிவதே இவ்வேலையின் பெரும்பகுதி என்பேன். அமெரிக்காவில் 2003-இல் ஃபுளூமிஸ்ட் என்ற வணிகப் பெயரில் உரிமம் பெற்ற இம்மருந்து, 2 முதல் 49 வயது வரையுள்ளவர்களுக்கானது. கர்ப்பிணிகள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், ஆஸ்பிரின் உட்கொள்ளும் சிறார், ஆஸ்துமா உள்ள அல்லது கடந்த ஓராண்டில் மூச்சிளைப்பு கண்ட 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் ஆகியோருக்கு இதைத் தவிர்த்து, கொல்லப்பட்ட வைரஸால் ஆன ஊசியையே அவரவர்க்கு ஏற்றவாறு போட வேண்டும். வீட்டில் எவரேனும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப்பின் தனியறையில் பாதுகாக்கப்படுகிறார்களா என்பதையும் மறவாமல் கேளுங்கள். சாதாரணச் சளி தடையில்லை. ஆனால் மருந்து உள்ளே சென்று படிய முடியாத அளவுக்கு மூக்கு அடைத்திருந்தால் ஒத்திவைப்பதே நல்லது.

மொத்த அளவு 0.2 மில்லி; துளைக்கு 0.1 மில்லி. பெறுபவரை நிமிர்ந்து உட்காரச் செய்து, தெளிப்பானின் நுனியிலுள்ள ரப்பர் மூடியை மட்டும் கழற்றுங்கள். மருந்தைத் தள்ளும் தண்டில் மாட்டியிருக்கும் சிறு கிளிப்பை இப்போது தொடாதீர்கள். நுனியை மூக்குத் துளைக்குள் சற்றே நுழைத்து, கிளிப் தடுக்கும்வரை தண்டை ஒரே வேகத்தில் விரைந்து அழுத்த வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் மருந்து தூவலாகாமல் சொட்டாக வழிந்துவிடும். பிறகு கிளிப்பைக் கிள்ளி எடுத்துவிட்டு, மீதியை மறு துளையில் அவ்வாறே செலுத்துங்கள். மூச்சை உறிஞ்சி இழுக்கச் சொல்லத் தேவையில்லை. இயல்பாக மூச்சு விட்டாலே போதும். குழந்தை உடனே தும்மிவிட்டால் பெற்றோர் பதறுவார்கள். மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி அமைதிப்படுத்துங்கள்.

அடுத்த சில நாட்களில் மூக்கு ஒழுகலாம், தொண்டை கரகரக்கலாம், சிறுவர்களுக்கு லேசான காய்ச்சலும் வரலாம். ஒசெல்டாமிவிர் போன்ற ஃபுளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து அந்த வைரஸின் பெருக்கத்தையே நிறுத்திவிடுமாதலால், அதை உட்கொண்ட 48 மணி நேரத்திற்குள் இதைக் கொடுப்பதில்லை. கொடுத்த இரண்டு வாரங்களுக்குள் அதை உட்கொள்ள நேர்ந்தால் தடுப்பு மருந்தை மறுபடி போட வேண்டும். தட்டம்மை போன்ற பிற உயிருள்ள தடுப்பூசிகளை அதே நாளில் போடலாம். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். முதன்முறையாக ஃபுளூ தடுப்பு மருந்து பெறும் 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நான்கு வார இடைவெளியில் இரண்டாம் தவணையும் உண்டு. அந்தத் தேதியை அட்டையில் அப்போதே எழுதிக் கொடுங்கள்.