கேபிளைத் தொங்கவிடாதீர்கள்: வீட்டு வயரிங்கில் விடும் பிழைகள்

போன மாரிக்கு முன்னர், ஓடு மாற்றுவதற்காக எங்கள் பழைய வீட்டு முகட்டைத் திறந்தபோதுதான் கண்டேன். குசினிக்குப் போகும் கேபிள் பனங் கைமரங்களுக்கு இடையே சும்மா தொங்கியது, ஒரு கிளிப்கூட இல்லை. அதன் பாரம் முழுக்க சீலிங் றோஸுக்குள் (விளக்கு வயரை இணைக்கும் சீலிங் வட்டப் பெட்டி) இருந்த ஒரு திருகாணியில். மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினேன். வயரின் தோல் கறுத்துப்போய், விரல் பட்டதும் உதிர்ந்தது.

முதற்பிழை இதுதான். திருகாணி கரண்டைக் கடத்த இருப்பது, பாரம் சுமக்க அல்ல. தொங்கும் கேபிள் இணைப்பை மெல்ல மெல்ல இளக்கும். இளகிய இணைப்பு சூடாகும். பியூசோ றிப் சுவிச்சோ அந்தச் சூட்டைக் கவனிக்காது.

சரி, எவ்வளவு தூரத்துக்கு ஒரு கிளிப்? இலங்கையில் நாம் பின்பற்றுவது பிஎஸ் 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதிகள். அதையொட்டிய வழிகாட்டியின்படி, 9 மில்லிமீற்றர் வரை அகலமான பிவிசி கேபிளுக்குக் கிடையாகப் போகும்போது 250 மில்லிமீற்றருக்கு ஒன்று, நிலைக்குத்தாக 400க்கு ஒன்று. 9 முதல் 15 வரை என்றால் கிடையாக 300. அதாவது ஏறத்தாழ ஒரு சாணுக்கு ஒரு கிளிப். ஒரு மீற்றருக்கு ஒன்று அடித்துவிட்டு "காணும்" என்பவரிடம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

கிளிப்பை இறுக அடிப்பதும் பிழைதான். சுத்தியல் கேபிளின் தோலை நசுக்கும். வளைவில் முறிந்தாற்போல மடிப்பதும் அப்படியே: 10 மில்லிமீற்றர் வரையான கேபிளை அதன் விட்டத்தைப்போல மூன்று மடங்கு ஆரையிலாவது வளைக்க வேண்டும்.

பிவிசி பைப்புக்கு, 20 மில்லிமீற்றர் என்றால், கிடையாக ஒன்றரை மீற்றருக்குள் ஒரு சாடில் (பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டி). ஆனால் பைப்பை அசையவிடாமல் நெரிக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் ஓட்டுக்குக் கீழே சூடு 30 பாகை கூடினால் மூன்று மீற்றர் பைப் சுமார் 5 மில்லிமீற்றர் நீளும். நகர இடமில்லாவிட்டால் வில்லாக வளைந்து சாடிலைப் பிடுங்கிவிடும்.

இன்னொன்று, பலர் நினைத்தே பார்க்காதது. 2010இல் இங்கிலாந்தின் சவுதாம்டனில் ஒரு அடுக்குமாடித் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பிளாஸ்ரிக் பிடிப்பு உருகி விழுந்த கேபிள்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டன. அதனால்தான் பிஎஸ் 7671இன் 2018 பதிப்பு, கட்டடம் முழுவதும் தீயில் சீக்கிரம் விழாத பிடிப்பு வேண்டும் என்கிறது. சீலிங்கில் போகும் கேபிளுக்கு இடையிடையே உலோகச் சாடில் போடுங்கள். செலவு அதிகமில்லை.

கிணற்றடி மோட்டருக்குப் போகும் கேபிளைப் பூவரசில் கட்டுக்கம்பியால் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மரம் காற்றுக்கு ஆடும், கம்பி தோலை அறுக்கும், கீழே ஈர நிலத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்பார்கள்.