டோட்டல் ஃப்ளோட், ஃப்ரீ ஃப்ளோட்: கணக்குப் போட்டே வித்தியாசம் பார்ப்போம்

திட்ட அட்டவணை போடக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. இரண்டுமே ஒரு வேலை எத்தனை நாள் தாமதமாகலாம் என்பதைத்தான் சொல்கின்றன. ஆனால் யாருக்குப் பாதிப்பு வராமல் தாமதமாகலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. மொத்தத் திட்டமும் முடியும் நாள் தள்ளிப்போகாத வரைக்கும் இருக்கும் அவகாசம் டோட்டல் ஃப்ளோட். அடுத்த வேலை தொடங்குவதுகூடத் தள்ளிப்போகாத வரைக்கும் இருக்கும் அவகாசம் ஃப்ரீ ஃப்ளோட்.

வரையறையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

ஓர் அறையைப் புதுப்பிக்கிறோம். ஒரு வேலை முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும்.

- பழைய பூச்சை உடைத்தல்: 3 நாள்
- புதிய பூச்சு: 6 நாள் (உடைத்த பிறகு)
- கதவு செய்தல்: 3 நாள் (உடைத்த பிறகு, அளவெடுத்து)
- கதவு மாட்டுதல்: 1 நாள் (கதவு செய்த பிறகு)
- பெயிண்ட்: 4 நாள் (பூச்சும் கதவு மாட்டுவதும் முடிந்த பிறகு)

படி 2: முன்னிருந்து பின்னாக

ஒவ்வொன்றும் எவ்வளவு சீக்கிரம் தொடங்கி முடியலாம் என்று பாருங்கள். தொடக்கம் 0. உடைத்தல் 0–3, பூச்சு 3–9, கதவு செய்தல் 3–6, மாட்டுதல் 6–7. பெயிண்டுக்கு இரண்டு வேலைகள் முடிய வேண்டும். பிந்தி முடிவது பூச்சு என்பதால் அது 9–13. ஆக, மொத்தம் 13 நாள்.

படி 3: பின்னிருந்து முன்னாக

இப்போது 13-இலிருந்து திரும்பி வாருங்கள். பெயிண்ட் 9-இல் தொடங்கியே ஆக வேண்டும். அதனால் கதவு மாட்டுவது அதிகபட்சம் 9-இல் முடியலாம், அதாவது 8-இல் தொடங்கலாம். கதவு செய்வது 8-இல் முடிந்தால் போதும். பூச்சுக்கு அசையவே இடமில்லை. உடைத்தல், பூச்சு, பெயிண்ட் மூன்றும் சேர்ந்ததுதான் கிரிட்டிகல் பாத், அதாவது ஒரு நாள் தாமதமானாலும் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும் வரிசை.

படி 4: இரண்டு கழித்தல்கள்

டோட்டல் ஃப்ளோட் = கடைசியாக முடியக்கூடிய நாள் − சீக்கிரமாக முடியும் நாள். கதவு செய்தல்: 8 − 6 = 2. மாட்டுதல்: 9 − 7 = 2.

ஃப்ரீ ஃப்ளோட் = அடுத்த வேலை சீக்கிரமாகத் தொடங்கும் நாள் − இந்த வேலை சீக்கிரமாக முடியும் நாள். கதவு செய்தல்: 6 − 6 = 0. மாட்டுதல்: 9 − 7 = 2. அடுத்த வேலைகள் பல இருந்தால், அவற்றில் முதலில் தொடங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். டோட்டல் ஃப்ளோட் பத்தியில் இரண்டு கதவு வேலைகளுக்கும் 2 என்று இருக்கிறது. கூட்டினால் நான்கு நாள் கிடைத்துவிடாது! அந்த வரிசை முழுவதற்கும் பொதுவாக இருப்பதே இரண்டு நாள்தான். தச்சர் அந்த இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டால் கதவு 8-இல்தான் தயாராகும்; மாட்டுபவருக்கு மிச்சம் எதுவும் இராது. 6-ஆம் நாள் முடிவில் ஆட்களை வரச் சொல்லியிருந்தால் அவர்கள் வந்து சும்மா நிற்பார்கள். திட்டம் 13 நாளில்தான் முடியும், ஆனால் ஒருவருடைய ஏற்பாடு கெட்டிருக்கும்.

ஆகவே ஒருவரிடம் “உங்களுக்கு இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது” என்று சொல்வதற்கு முன் ஃப்ரீ ஃப்ளோட்டைப் பாருங்கள். அது இருந்தால் யாரையும் கேட்காமல் கொடுக்கலாம். டோட்டல் ஃப்ளோட்டிலிருந்து கொடுப்பதென்றால், பின்னால் வருபவரிடம் பேசிவிட்டுக் கொடுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன்.

படி 5: மென்பொருளில் பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இவற்றின் பெயர் டோட்டல் ஸ்லாக், ஃப்ரீ ஸ்லாக்; பிரைமவெராவில் ஃப்ளோட் என்றே இருக்கும். இரண்டு நெடுவரிசைகளையும் (column) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்கள் வேறுபடும் வரிகளைத் தேடுங்கள். ஒருவரின் தாமதம் அடுத்தவரைத் தொடும் இடங்கள் அவை. டோட்டல் ஃப்ளோட் மைனஸில் போயிருந்தால், கொடுத்த கெடுவுக்குள் இப்போதைய அட்டவணைப்படி முடியாது என்று அர்த்தம். வேலை நடக்க நடக்க, முடிந்த நாட்களைப் பதிந்து மறுபடி கணக்கிடுங்கள். போன வாரம் இருந்த ஃப்ளோட் இந்த வாரமும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.