சாவிச் சத்தத்தில் தொடங்கிய அழுகை

மகளுக்கு 11 மாதம். சுவரைப் பிடித்து நடக்கிறாள், தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை இரண்டு விரலால் எடுக்கிறாள். ஆனால் நான் வேலைக்குக் கிளம்பினால், இரண்டு வாரமாக மூச்சு முட்ட அழுகை.

பல் முளைக்கிறதோ என்று ஈறைப் பார்த்தோம்; இல்லை. காதுவலியோ என்று மருத்துவரிடம் காட்டினோம், அதுவும் இல்லை. என் அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். கடைசியில், அவள் விளையாடும்போது பின்வாசல் வழியாக நழுவினேன். அதுதான் பெரிய தவறு. அன்றிலிருந்து நான் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டி அழுதாள்.

இது பெரும்பாலும் 8, 9 மாதத்தில் தொடங்கும் பிரிவு அச்சம் என்றார் மருத்துவர். கண்ணில் படாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது; எப்போது வருவாள் என்பதுதான் தெரியவில்லை.

உற்றுக் கவனித்தபோது ஒன்று பிடிபட்டது. அழுகை வாசலில் தொடங்கவில்லை. ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுக்கும் சத்தத்திலேயே தொடங்கியது. ஆகவே விடுமுறை நாளில் சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அரை நிமிடத்தில் திரும்பினேன். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். வேலை நாளில் அவளை என் அம்மாவின் இடுப்பில் கொடுத்து, முன்வாசலிலேயே "டாட்டா, சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினேன்.

ஒன்பதாம் நாள், நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அழுகை நின்றுவிட்டதாம். அன்றுதான் மதியச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியது.