செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்கைப் போடுங்கள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், கையில் நாலைந்து லட்சம் சேர்ந்திருக்கும், புது ஆல்ட்டோவுக்கு ஆகும் காசில் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி) வைத்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று விற்பனைக்கு நிற்கும். சபலம் தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பழசானதும் இறங்குவது காரின் விலைதான், பார்ட்ஸ் விலை இறங்காது. புதிதாக வாங்கியவர் என்ன விலைக்கு கியர்பாக்ஸ் மாற்றுவாரோ அதே விலைக்குத்தான் நீங்களும் மாற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதனால் கையில் ஐந்து லட்சம் இருந்தால் மூன்றரைக்கு மேல் விலை சொல்லும் காரைப் பார்க்கவே போகாதீர்கள். மீதி ஒன்றரை லட்சம் டயர், பிரேக், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் பெரிய சர்வீஸ் என்று முதல் வருஷத்திலேயே கரையத் தொடங்கிவிடும். அதையும் லோன் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றினால் இன்னும் ஆறு மாதம் பஸ்ஸிலேயே போங்கள்.

எந்த கார்? குதிரைத்திறனை விடுங்கள், அந்த காரைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் யார் என்று முதலில் விசாரியுங்கள். ஃபியட்டின் அபார்த் புன்டோ 145 குதிரைத்திறன், ஓட்டினால் இறங்க மனசு வராது, ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது, ஒரு ஹெட்லைட் உடைந்தாலும் தேடி அலைய வேண்டும். மாருதியின் பலேனோ ஆர்எஸ் பரவாயில்லை, மேனுவல் கியர், டர்போ சம்பந்தப்பட்டது தவிர மற்றதெல்லாம் எளிதில் கிடைக்கும். முதல் வண்டி என்றால் என் ஓட்டு டியாகோ ஜேடிபிக்குத்தான். டாடாவும் நம்ம கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்தது, அடிப்படையில் அது டியாகோதான் என்பதால் பாதிக் கவலை குறைவு. நல்லதாகக் கிடைப்பதுதான் கஷ்டம்.

எல்லோரும் கேட்பது போலோதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. 2013-ல் வந்த 1.2 லிட்டர் ஜிடி டிஎஸ்ஐ-இல் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கிறது. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் ஆயிலில் நனையாத வகை. கிண்டி, கத்திப்பாரா டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடேறித் தேயும். அதைவிட மோசம் கியரை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட். அது போனால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். டெஸ்ட் டிரைவில் வேகமாக ஓட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, வேகத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நன்றாகச் சூடேறிய பிறகு நடக்கிற வேகத்தில் உருட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உதறினாலோ, ரிவர்ஸ் விழத் தயங்கினாலோ பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். 2020-லிருந்து வந்த 1.0 டிஎஸ்ஐ-இல் இந்த டிஎஸ்ஜி இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் தூக்கம் வரும்.

எந்த காராக இருந்தாலும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும், ஏதோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய வண்டியில் அந்த நாடாவின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். உட்புறத்தை எவ்வளவு கழுவினாலும் இதைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஸ்டெப்னி குழியில் துரு, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, இதையும் பார்த்துவிடுங்கள்.

பேப்பர் விஷயத்தில் வாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் பதிவு உண்டா என்பதெல்லாம் வந்துவிடும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெங்களூரு வண்டி மலிவாகத் தெரியும். இங்கே வரி கட்டி நம்பர் மாற்றினால் அந்த லாபம் பெரும்பாலும் போய்விடும்.

இன்ஷூரன்ஸில், வெளிநாட்டுக்காரர்கள் புலம்புவதுபோல இங்கே வயது குறைவு என்பதற்காகப் பிரீமியம் எகிறுவதில்லை. 1,000 முதல் 1,500 சிசி வரை தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) வருஷத்துக்கு 3,416 ரூபாய், 2022-ல் நிர்ணயித்தது, வரி தனி. ஆனால் பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

மாதச் செலவில் பெட்ரோல்தான் முதல். சிட்டியில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்து, மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் போச்சு. ஆயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், டர்போவுக்கு அதுதான் உயிர். ஹைவேயில் விரட்டி வந்ததும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது), சத்தம் போடும் எக்ஸாஸ்ட் எல்லாம் ஆசைதான். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, விபத்தானால் கிளெய்மிலும் இதையே பிடித்துக்கொள்வார்கள். விரட்ட வேண்டும் என்றால் ஈசிஆரை விட்டுவிட்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ டிராக் டே (சொந்த காரை அங்கே ஓட்ட விடும் நாள்) வரும்போது பணம் கட்டிப் போங்கள். சாதாரண பாலிசி அங்கே செல்லாது, இடித்தால் உங்கள் காசுதான். போவதற்கு முந்தின வாரம் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி, பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.