கொடைக்கானலில் எஸ்.டி.ஆர்.: முழு எஃப்.எம். வரிசையும் ஏன் ஒரே திரையில் தெரிவதில்லை?

எஸ்.டி.ஆர். என்றால் ரேடியோ சிக்னலைக் கணினி மென்பொருளால் கேட்கும் முறை. அதற்காக யு.எஸ்.பி.யில் செருகும் சிறு கருவியான ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர். டாங்கிள் வாங்கும்போது "24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருப்பார்கள். எங்கெங்கே போய்க் கேட்கலாம் என்பதற்கான எல்லை அது. ஒரே நேரத்தில் எவ்வளவு அகலம் கண்ணில் படும் என்பது தனிக் கணக்கு, அதுதான் பேண்ட்வித். புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். கொடைக்கானலில் இருந்தால் சோதித்தே புரிந்துகொள்ளலாம்.

படி 1: ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்து, எஸ்டிஆர் ஷார்ப் மென்பொருளில் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை சிக்னலை அளப்பது என்பதை) 2.4 எம்எஸ்பிஎஸ், அதாவது நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் ஆக்கி, 100.5 மெகாஹெர்ட்ஸை மையமாக வையுங்கள். கொடைக்கானல் வானொலியான கோடைப் பண்பலை நடுவில் உயர்ந்து நிற்கும். இடது ஓரம் 99.3, வலது ஓரம் 101.7. சாம்பிள் ரேட் எவ்வளவோ, திரையின் அகலமும் அவ்வளவே. எஃப்.எம். வரிசையோ 88 முதல் 108 வரை 20 மெகாஹெர்ட்ஸ்!

படி 2: மதுரை வானொலியின் 103.3-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா? இடைவெளி 2.8, 2.4-க்குள் அடங்காது. மென்பொருளை நிறுத்தி, ரேட்டை 3.2 ஆக்கி, மையத்தை 101.9-க்கு மாற்றுங்கள். இரண்டும் இரு ஓரங்களில் வந்துவிடும். ஆனால் டாங்கிளுக்குள் இருக்கும் வடிகட்டியால் (ஃபில்டர்) ஓரங்கள் தொய்ந்திருக்கும். ஒலியும் விட்டுவிட்டு வரலாம். சிப்பின் உச்சம் 3.2 என்றாலும், சாம்பிள் தவறாமல் ஓடுவது பெரும்பாலும் 2.4 வரைதான். அன்றாடம் 2.4-லேயே வையுங்கள்.

படி 3: அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர், சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி., யு.எஸ்.பி. என மூன்றையும் தாண்டித்தான் சிக்னல் கணினிக்கு வருகிறது. மூன்றில் குறுகலானது எதுவோ, அதுவே உங்கள் பேண்ட்வித். யு.எஸ்.பி.யில் ஒரு சாம்பிளுக்கு இரண்டு பைட் போகும், 2.4-ல் நொடிக்கு 4.8 மெகாபைட். ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற இன்னொரு எஸ்.டி.ஆர். கருவி 20 எம்எஸ்பிஎஸ் தரும், 98-ஐ மையமாக வைத்தால் எஃப்.எம். வரிசை முழுக்க அடங்கிவிடும். ஆனால் நொடிக்கு 40 மெகாபைட் என்பது யு.எஸ்.பி. 2.0-வைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். ஹப் வழியாக இணைக்காதீர்கள்.

படி 4: மலையில் இதுதான் முக்கியம். கோபுரம் பக்கத்திலேயே இருப்பதால் பலமான சிக்னல் 8-பிட் ஏ.டி.சி.யைத் திணறடித்து, இல்லாத இடங்களில் போலி முனைகளை எழுப்பும். மென்பொருளில் அகலத்தைக் குறைத்துப் பயனில்லை. கெடுதல் அதற்கு முன்பே நடந்துவிட்டது. கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஒரு படி இறக்குங்கள். உண்மையான நிலையம் கொஞ்சம் தாழும், போலி சட்டென்று விழும். பக்கத்தில் 118 முதல் 137 வரையிலான விமானப் பேச்சைக் கேட்க விரும்பினால், ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவே எஃப்.எம். தடுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள்.