மரதன் ஓடிய பின் வரும் இரண்டு கிழமை

42.195 கிலோமீற்றரை ஓடி முடிக்க வழி சொல்ல எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓடிய பிறகு உடம்பை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், "நல்லா நித்திரை கொள்ளு" என்பதோடு கதை முடிந்துவிடும். வேலைக்குப் போகும் முன் விடியலில் ஓடுகிற எங்களுக்கு அது போதாது.

பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி தாண்டி நிலாவெளி 14 கிலோமீற்றர் அளவு. போய்த் திரும்பினால் ஒரு நல்ல நீள ஓட்டம். பாதை மட்டமானது என்பதால் கிழமைக்கு ஒரு நாள் கோணேசர் கோயில் ஏற்றத்தையும் ஓடுங்கள். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும், கவனம். போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போதே தூரத்தைக் குறைக்கத் தொடங்குங்கள்.

எங்களுக்குப் பெரிய சோதனை கச்சான் காற்றுக் காலம்தான். அந்த வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். இவ்வளவு உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் போத்தல் போத்தலாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலையிடி, வாந்தி, தடுமாற்றம், கடைசியில் வலிப்பு வரைக்கும் போகும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஜீவனியை (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து வைத்திருங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. கூடவே உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள்.

போட்டியின் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இருந்துவிடாதீர்கள். சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடங்கள். அப்புறம் ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பாடு: இடியப்பம், சொதி, முட்டை, வாழைப்பழம் போதும். நோவுக்கு இபுபுரூபன், டைக்குளோபினாக் வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனால் வீட்டில் இருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நோவு உச்சத்துக்கு வருவது அன்றைக்கு இல்லை, அடுத்த ஓரிரு நாளில். படி இறங்கும்போது தொடை கெஞ்சும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினால் எவ்வளவோ லேசு. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மாலையில் உப்புவெளிக் கரையோரம் இடுப்பளவு நீரில் நடப்பேன், கால் இளகிவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு. ஆறலான கிணற்றில் அள்ளித் தொடங்குங்கள்.

முதல் கிழமை ஓட்டமே இல்லை, நடை மட்டும். கூட்டாளிமார் "சும்மா பத்துக் கிலோமீற்றர்" என்று கூப்பிடுவார்கள், போகாதீர்கள். நோவு போன பிறகும் தசையின் உள்காயம் ஆற நாள் எடுக்கும். இரண்டாம் கிழமை அரை மணித்தியாலம், கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். கறுத்த கால் நகத்தைப் பிடுங்க வேண்டாம், தானாக விழும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலிக்கிறது, நடக்க நடக்கக் கூடுகிறது என்றால் அது தசை நோவு இல்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.